பொருள்: ஃபோட்டோஸ்கல்ப்சர் – ‘ஒளிச்சிற்பம்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

‘ஃபோட்டோஸ்கல்ப்சர்’ (photosculpture) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நண்பர் முன்வைத்த ‘ஒளிச்சிற்பம்’ காதுக்கு இனிமையானது. ஆயினும் குழல்விளக்குகளையே கலைப்படைப்பாக நிறுத்திய அமெரிக்கக் கலைஞர் டான் ஃபிளேவின் போன்றோரின் ஆக்கங்களுக்கு அச்சொல்லை விட்டுவைப்பதே முறை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இரு வேறு வேலைகள் அடங்கிக் கிடப்பதாகும்.

முதலாவது, படத்திலிருந்து உருவத்தை எடுப்பது. பாரிசில் 1860-களில் பிரான்சுவா வில்லெம், வட்டமான அறையின் நடுவே ஆளை நிறுத்தி, சுற்றிலும் வைத்த 24 கேமராக்களால் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் தெரியும் உருவத்தின் விளிம்பை, வரைகோட்டைப் பின்தொடர்ந்து அதே வடிவத்தை வேறிடத்தில் படியெடுக்கும் பாண்டோகிராஃப் கருவியின் துணையோடு களிமண்ணில் வெட்டிச் சிலையாக்கினார். இன்று ஒரு பொருளைச் சுற்றிக் கைப்பேசியில் எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளை மென்பொருள் இனங்கண்டு, முப்பரிமாண வடிவத்தைக் கணித்து, அச்சுப்பொறிக்கு அனுப்புவதும் இதன் வாரிசே. சிலை முடிந்தபின் அதில் படம் இருப்பதில்லை.

இரண்டாவதில் படமே மேனி. தென்கொரியச் சிற்பி குவோன் ஓ-சாங், நுரைப்பொருளில் செதுக்கிய உருவத்தின்மேல் நூற்றுக்கணக்கான அச்சுப்படங்களை ஒட்டி ஆளுயரச் சிலைகள் செய்கிறார். துண்டுகளின் விளிம்புகள் மறைவதில்லை. ஒன்றின் வெளிச்சம் அடுத்ததோடு முழுதாகச் சேர்வதுமில்லை. திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகும் படத்தை இங்கே நின்று, சுற்றிவந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கற்சிற்பம், மரச்சிற்பம், சுதைச்சிற்பம் ஆகியவற்றில் முதற்சொல் எதனால் செய்தது என்பதைச் சொல்கிறது. அம்மரபின்படி இரண்டாவதைப் ‘படச்சிற்பம்’ என்றும், முதலாவதைப் ‘படவழிச் சிற்பம்’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

*

ஐயா, வணக்கம்.

‘படவழிச் சிற்பம்’ எனக்கு முழு உடன்பாடு. ‘படவழி வார்ப்பு’ என்று நீட்டவும் அது இடங்கொடுக்கிறது. ‘படச்சிற்பம்’ பற்றி மட்டும் ஓர் ஐயம். யானைச் சிற்பம் யானையின் உருவத்தையல்லவா குறிக்கிறது? கல், மரம் போலப் படத்தைச் செய்பொருளாக எண்ணிப் பழகாத வாசகர், படத்திலுள்ள காட்சியைச் சிலையாக வடித்தது என்றே முதலில் கொள்வார். ‘ஒட்டுப்படச் சிற்பம்’ என்றால் செய்முறை சொல்லிலேயே விளங்கும்.

அப்படிக் கொண்டால், படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் இணையதளத்தில் ஒரே நாளில் ஏறிய படங்களை அச்சிட்டு, 2011-இல் ஆம்ஸ்டர்டாம் காட்சிக்கூடத்தின் அறைகளில் மலைமலையாகக் கொட்டிய டச்சுக் கலைஞர் எரிக் கெசல்சின் படைப்பு இதற்குள் வாராது. அங்கே எதுவும் ஒட்டப்படவுமில்லை, செதுக்கப்படவுமில்லை. அதனைப் ‘படக்குவியல்’ என்றே தனியாகப் பதிந்துகொள்ளலாம்.