பேரிங் கடை வெப்சைட்: விசிட்டர் வருகிறார்கள், ஆர்டர் வரவில்லை. வாங்குகிற ஆள் கூகுளில் என்ன தட்டுவான்?

பீனியா பையன் எழுதியது:

வணக்கம். பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் அப்பா நடத்தும் பேரிங் கடையை இப்போது நானும் சேர்ந்து பார்க்கிறேன். பால் பேரிங், ப்ளம்மர் பிளாக், ஆயில் சீல், வி-பெல்ட், செயின். எங்கள் கஸ்டமர்களில் பாதிப் பேர் அப்பாவோடு டீ குடித்துப் பழகியவர்கள். போன் போட்டு "அண்ணே, போன வாட்டி கொடுத்த அதே ஐட்டம்" என்பார்கள். அது எந்த ஐட்டம் என்று அப்பாவுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து பர்ச்சேஸ் ஆட்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு அப்பாவையும் தெரியாது, கடையையும் தெரியாது. நேராக கூகுளில் தட்டுகிறார்கள். அதனால்தான் வெப்சைட் போட்டோம்.

போட்டுக் கொடுத்த ஏஜென்சிக்காரர்கள் "பால் பேரிங்", "பேரிங் வகைகள்", "பேரிங் எப்படி வேலை செய்கிறது" என்று நீளநீளமாகக் கட்டுரை எழுதி ஏற்றியிருக்கிறார்கள். மாதா மாதம் ரிப்போர்ட் வருகிறது, கோடு மேலே ஏறுகிறது, விசிட்டர் கூடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் "சார், பேரிங் பற்றி பிபிடி இருக்குமா, நாளைக்கு செமினார்" என்கிற ரகம். ஒரு பையன் வைவா கேள்விக்கு விடையே கேட்டான். அப்பா அவனுக்கு போனிலேயே பாடம் எடுத்து முடித்தார், அது வேறு கதை.

பேரிங் நம்பர்களுக்குத் தனித்தனிப் பக்கம் போடலாமா என்று கேட்டேன். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானரில் அந்த நம்பர்களுக்குத் தேடலே இல்லை என்கிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், பல நம்பர்களுக்கு ஒன்றும் காட்டவில்லை. தேடாத சொல்லுக்குப் பக்கம் போட்டு என்ன பயன்? இல்லை, வேறு வழி இருக்கிறதா?

---

அல்சூர் அக்கா எழுதியது:

தம்பி, கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யாராவது "பால் பேரிங் இருக்கா" என்று கேட்கிறார்களா? "6205 டபுள் இசட், நாலு வேணும், எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். கூகுளில் தட்டுவதும் அதுவேதான். நான் பம்ப், வால்வு, கட்டிங் டூல் விற்கிறவர்களுக்குத்தான் இந்த வேலை செய்து தருகிறேன், எல்லா இடத்திலும் இதே கதை.

ஆந்த்ரே பிரோடர் என்ற ஆய்வாளர் 2002-லேயே தேடல்களை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: விவரம் அறிய ஒன்று, தெரிந்த தளத்துக்குப் போக ஒன்று, காரியம் முடிக்க ஒன்று. உங்கள் ஏஜென்சி முதல் வகைக்குப் பந்தி விரித்திருக்கிறது. சாப்பிட வந்தவர்கள் செமினார் பையன்கள்.

இப்போது 6205-ஐயே எடுத்துக்கொள்வோம். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, அகலம் 15. உங்களுக்கு இது தூக்கத்திலும் தெரியும், ஏஜென்சிக்குத் தெரியாது. பழைய பேரிங்கில் நம்பர் தேய்ந்து போனவன் "25 52 15 பேரிங்" என்று தேடுவான். உங்கள் பக்கத்தில் அந்த மூன்று எண்ணும் சேர்ந்து இல்லாவிட்டால் அவன் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

அப்புறம் பின்னொட்டு, அதாவது நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்துகள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதைப் பலரும் 2ஆர்எஸ் என்கிறார்கள். என்எஸ்கே பெட்டியில் டிடியு என்று இருக்கும், என்டிஎன் பெட்டியில் எல்எல்யு. இரும்பு மூடி உள்ளதை நாம் டபுள் இசட் என்போம், எஸ்கேஎஃப் அதை 2இசட் என்று எழுதும். கையில் எந்தப் பழைய பேரிங் இருக்கிறதோ, அதில் எழுதியிருப்பதைத்தான் ஒருவன் தட்டுவான். ஆகவே ஒரே பக்கத்தில் "இந்த கம்பெனியில் இதற்கு இந்த எழுத்து" என்று சாதாரண வாக்கியமாக எழுதிவிடுங்கள். தேடலுக்கும் உதவும், கவுன்ட்டர் பையனுக்கும் உதவும்.

கீவேர்ட் பிளானர் விஷயம். விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாத கணக்குக்கு அது நூறு முதல் ஆயிரம் வரை என்கிற மாதிரி அகலமாகத்தான் காட்டும். ரொம்பச் சின்ன எண்ணிக்கை என்றால் ஒன்றுமே காட்டாது. ஒன்றும் காட்டவில்லை என்றால் யாரும் தேடவில்லை என்று அர்த்தம் கிடையாது. தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் வந்தே இராதவை என்று கூகுளே பல வருடமாகச் சொல்லி வருகிறது. உங்கள் தொழிலில் ஒவ்வொரு நம்பருக்கும் மாதம் நாலு பேர் தேடினாலும் போதும். உங்கள் அலமாரியில் எத்தனை நம்பர் இருக்கிறது?

பிளானரை மூடிவிட்டு, எந்தத் தேடலில் உங்கள் தளம் வந்தது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறங்கள். 16 மாத விவரம் அங்கே இருக்கும். தேடல் வரிகளில் ரெஜெக்ஸ் (எழுத்து, எண் அமைப்பை வைத்துப் பிரிக்கும் குறி) வடிகட்டி போட்டு, எண் இருக்கிற தேடல்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். அபூர்வமான தேடல்களைத் தனியுரிமைக்காக கூகுள் மறைத்துவிடும், ஆனாலும் மிச்சம் இருப்பதே போதுமான அளவு சொல்லும்.

ஏஜென்சி ரிப்போர்ட்டில் "மெட்டா கீவேர்ட்ஸ் சேர்த்தோம்" (பக்கத்தின் கோடுக்குள் மறைவாக எழுதும் சொல் பட்டியல்) என்று ஒரு வரி இருந்தால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ரேங்கிங்குக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

---

நைட் ஷிஃப்ட் எழுதியது:

நீங்கள் தேடுகிற அந்த வாங்குகிற ஆள் நான்தான். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், வீடு பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம். என் தேடல் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு புளோயர் மோட்டார் ஊளையிட ஆரம்பிக்கும். நிறுத்தி, கழற்றி, புல்லர் போட்டு பேரிங்கை இழுத்தால் கிரீஸெல்லாம் கருகிக் கிடக்கும். டீசல் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் "62" தெரியும், அடுத்தது 0-வா 8-ஆ என்று சொல்ல முடியாது. வெர்னியரை எடுத்து உள், வெளி, அகலம் மூன்றும் அளப்பேன். அந்த மூன்று எண்ணையும் கிரீஸ் விரலோடு போனில் தட்டுவேன். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நேரத்தில் "பேரிங் வகைகள்" கட்டுரை கண்ணில் பட்டால் கோபம்தான் வரும்.

அடுத்து, வரும் பக்கத்தில் நான் தேடுவது: ஸ்டாக் இருக்கா, எந்த கம்பெனி, ஜிஎஸ்டியோடு எவ்வளவு, கடை எத்தனை மணிக்குத் திறக்கும், ஓசூர் பஸ்ஸில் போட்டு விடுவார்களா. இது ஐந்தும் தெரிந்தால் காலையில் முதல் போன் அந்தக் கடைக்குத்தான். "விலைக்கு இந்தப் படிவத்தை நிரப்பவும்" என்று பார்த்தால் மூடிவிடுவேன். ஒரு தடவை அப்படி ஒரு படிவத்தில் நம்பர் கொடுத்ததற்கு ஊரில் உள்ள பேரிங் விற்பவர்கள் அத்தனை பேரும் போன் போட்டார்கள்.

இன்னொன்று, சி3. சூடு ஏறுகிற மோட்டாருக்கு உள் இடைவெளி கொஞ்சம் அதிகமான சி3 பேரிங்தான் போடுவோம். நான் "6205 டபுள் இசட் சி3" என்று முழுசாகத் தட்டுவேன். பக்கத்தில் வெறும் 6205 என்று மட்டும் இருந்தால், இந்தக் கடைக்காரருக்கு விஷயம் தெரியாது, அல்லது எது கிடைக்கிறதோ அதை அனுப்புவார் என்று நினைத்துக்கொள்வேன். டூப்ளிகேட் பயமும் உண்டு, அதனால் சில சமயம் கம்பெனி பெயர், நம்பர், "ஒரிஜினல்" என்று சேர்த்துத் தேடுவேன். பெட்டியின் போட்டோ நீங்களே உங்கள் கடையில் எடுத்ததாக இருந்தால் நம்பிக்கை வரும். கேட்டலாக் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. விவரம் தேடுகிறவன் எல்லாம் மாணவன் கிடையாது. மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே நான் அதன் பெயர்ப்பலகையில் இருக்கிற பிரேம் நம்பரை, அதாவது மோட்டார் உடலின் அளவைக் குறிக்கும் எண்ணைப் போட்டு "பிரேம் 90 மோட்டார் பேரிங் நம்பர்" என்று தேடுவதுண்டு. கழற்றிய பிறகு ஓடுவதை விட முன்னாலேயே வாங்கி வைக்கலாம் என்று. பார்க்க அது விவரத் தேடல் மாதிரி இருக்கும். அதற்குப் பதில் சொல்கிற பக்கத்திலேயே "இந்த நம்பர் எங்களிடம் இருக்கிறது" என்று ஒரு வரி இருந்தால் நான் வேறு எங்கும் போக மாட்டேன்.

---

அல்சூர் அக்கா எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் சார். பிரேம் நம்பர் தேடல் நல்ல பிடி. "பேரிங் என்றால் என்ன" என்று கேட்பவனிடம் மெஷின் இல்லை, "பிரேம் 90-க்கு எந்த பேரிங்" என்று கேட்பவன் மெஷின் முன்னால் நிற்கிறான். கட்டுரை எழுதுவதென்றால் இந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள் தம்பி.

---

ஒயிட்ஃபீல்டு கோடர் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எக்செலில் இருக்கும் எல்லா நம்பரையும் ஒரே வார்ப்பில் ஊற்றி ஆயிரக்கணக்கில் பக்கம் தள்ளிவிடாதீர்கள். நம்பர் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் பக்கங்களை கூகுள் இண்டெக்ஸில் (தன் தேடல் பட்டியலில்) சேர்க்காமலே விட்டுவிடலாம். 2024 மார்ச்சில் இப்படி மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களுக்கென்றே ஸ்பாம் விதி கொண்டுவந்தார்கள். "பீனியாவில் பேரிங்", "நெலமங்களாவில் பேரிங்", "தும்கூரில் பேரிங்" என்று ஊர் பெயரை மட்டும் மாற்றிப் போடுவதும் அதே வம்புதான். அடிக்கடி ஓடும் நம்பர்களில் ஆரம்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவு, சொந்த போட்டோ, எந்த மெஷினில் வரும், இப்போது ஸ்டாக் உண்டா என்று உண்மையான விஷயம் இருக்கட்டும்.

"பால் பேரிங்" மாதிரி பொதுவான பெரிய சொற்களில், பல விற்பனையாளர்களைப் பட்டியலிடும் இண்டியாமார்ட் மாதிரி தளங்களோடு மோதி ஜெயிக்க முடியாது, விட்டுவிடுங்கள். கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையின் நேரம், போன், போட்டோ சரியாக இருக்கட்டும். "பக்கத்தில் பேரிங் கடை" என்று தேடுகிறவனுக்கு மேப் பார்த்தால் போதும், வெப்சைட் வரைக்கும் வர மாட்டான்.

---

பீனியா பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சர்ச் கன்சோலில் எண் வடிகட்டி போட்டுப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது. "டிசி 35 52 7 ஆயில் சீல்", "பி 52 பெல்ட் விலை", "யுசிபி 205 பெங்களூர்" (இது ப்ளம்மர் பிளாக் வகை) என்று வரிசையாக இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் எங்கள் தளம் மூன்றாவது நாலாவது பக்கத்தில் வருகிறது, ஏதோ ஒரு விலைப்பட்டியல் பிடிஎஃப் அங்கே கிடப்பதால். அப்பாவிடம் காட்டினேன். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே "இது எல்லாம் நம்ம ரேக்குல இருக்குடா" என்றார்.

பக்கங்கள் ரெடியாகும் வரை சின்னதாக விளம்பரம் போட்டுப் பார்க்கலாமா அக்கா?

---

அல்சூர் அக்கா எழுதியது:

போடலாம், ஆனால் சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் பிராட் மேட்ச் வேண்டாம். 6205-க்குக் காசு கட்டி "பேரிங் கம்பெனி வேலைவாய்ப்பு" தேடியவனுக்கு விளம்பரம் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கொடுத்த சொல்லோடு நெருக்கமாகப் பொருந்தும் எக்ஸாக்ட், ஃப்ரேஸ் இரண்டும் போதும். நெகட்டிவ் கீவேர்டில் (இந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டாதே என்கிற பட்டியல்) பிபிடி, பிடிஎஃப், வகைகள், வரைபடம், வேலை, சம்பளம் எல்லாம் போட்டுவிடுங்கள். ஸ்கேட், ஸ்பின்னர் பொம்மைகளிலும் வருகிற 608 என்ற சின்ன பேரிங் விற்கிறீர்கள் என்றால் ஸ்கேட், ஸ்பின்னர் இரண்டையும் சேருங்கள், இல்லாவிட்டால் குழந்தைகள் பட்ஜெட்டைத் தின்றுவிடுவார்கள்.

இடம் தேர்வு செய்யும்போது கவனம்: கூகுள் தானாக வைத்திருப்பது "அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அதில் ஆர்வம் காட்டுபவர்கள்". அதை "இருப்பவர்கள்" மட்டும் என்று மாற்றுங்கள், ஓசூரையும் சேருங்கள். போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடட்டும். மாதக் கடைசியில் விசிட்டர் கணக்கு கேட்காதீர்கள். எந்தத் தேடலிலிருந்து போன் வந்தது, அதில் எது பில் ஆனது, இந்த இரண்டு விவரம் போதும். அப்பாவின் பில் புக்கே அதற்கு நல்ல ரிப்போர்ட்.

---

நைட் ஷிஃப்ட் எழுதியது:

தம்பி, அந்த 35 52 7 இருக்கிறது என்றீர்களே, நைட்ரைல் ரப்பரா, சூடு தாங்கும் வைட்டான் ரப்பரா? எங்களுக்கு கியர்பாக்ஸ் சூடாகும், நைட்ரைல் சீக்கிரம் கல் மாதிரி இறுகிப் போகிறது. வைட்டானில் ஆறு வேண்டும்.

---

பீனியா பையன் எழுதியது:

நைட்ரைல் நிறைய இருக்கிறது சார். வைட்டான் நாலுதான் ரேக்கில், மிச்சம் இரண்டை வரவழைக்க வேண்டும். பெட்டியின் போட்டோவும் ஜிஎஸ்டியோடு விலையும் தனி மெசேஜில் போடுகிறேன். நாலை முதலில் ஓசூர் பஸ்ஸில் போட்டுவிடட்டுமா, இல்லை ஆறும் சேர்த்து அனுப்பட்டுமா?