மூச்சை ஆழமா இழுத்தா படபடப்பு குறையாம கூடுது, ஏன்?

கணக்குப்பிள்ளை:
மார்ச் கணக்கு முடிக்கிற நேரம். இரண்டு மாதமாகப் பின்கழுத்தும் தோளும் கல் மாதிரி இறுக்கம், எழுந்தவுடன் தாடை வலி, சாயங்காலம் நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி, விரல்களில் மதமதப்பு. இசிஜி, தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்தாச்சு, எல்லாம் சரி. "டென்ஷன்தான், ஆழமா மூச்சு விடுங்க" என்றார் டாக்டர். நெஞ்சு நிறைய இழுத்து விட்டால் பத்தாவது மூச்சிலேயே தலை கிறுகிறுக்கிறது. எங்கே தப்பு? எத்தனை நொடி, எத்தனை தடவை என்று சொல்லுங்கள். "ரிலாக்ஸா இருங்க" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

வடிகால்:
தப்பு அந்த "நெஞ்சு நிறைய" என்பதில்தான் சார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று, நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு, அவ்வளவுதான் உடம்புக்குத் தேவை. பயத்தில் மூச்சு ஏற்கெனவே வேகமாக ஓடுகிறது. அதன் மேல் ஒன்றரை லிட்டராக இழுத்துத் தள்ளினால் ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு சரசரவென்று வெளியே போய்விடும். அது வெறும் கழிவு இல்லை. அதன் அளவு இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை ஏறும்போது நரம்புக்குக் கிடைக்கும் கால்சியமும் குறைகிறது. உதட்டைச் சுற்றியும் இரண்டு கை விரல்களிலும் மதமதப்பு வருவது அதனால்தான். ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள், 98, 99 என்று காட்டும். ஆனால் காற்றே பத்தாத மாதிரி இருக்கும். உடனே இன்னும் பெரிதாக இழுப்பீர்கள், இன்னும் மோசமாகும்.

மூச்சைப் பெரிதாக்க வேண்டாம், மெதுவாக்குங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தணியும். மணிக்கட்டில் விரல் வைத்தால் சிலருக்கு நன்றாகவே தெரியும். அதனால் விடும் நேரத்தை நீட்ட வேண்டும்.

பாதம் தரையில் பதிய உட்காருங்கள். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்துங்கள். (இதை யாரும் சொல்வதில்லை. இறுக்கின பெல்ட்டோடு வயிறு எப்படி அசையும்?) ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. முதலில் உள்ளே இருப்பதை விடுங்கள், இழுப்பதில் ஆரம்பிக்காதீர்கள். பிறகு மூக்கால் 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. நெஞ்சுக் கை சும்மா இருக்க வேண்டும், வயிற்றுக் கை மட்டும் லேசாக எழ வேண்டும். பக்கத்து சீட்காரருக்கு உங்கள் மூச்சு கேட்டால் அளவு அதிகம் என்று அர்த்தம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 4-6 திணறினால் முதல் வாரம் 3-4 போதும்.

முதல் இரண்டு நிமிடம் காற்றுப் பசி எடுக்கும், கொட்டாவி வரும். குறைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு திரும்ப ஏறுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பெரிய மூச்சு இழுத்தே ஆக வேண்டும் போலிருந்தால் எச்சிலை ஒரு தரம் விழுங்குங்கள், அந்த அவசரம் கடந்துவிடும். தாங்க முடியாத அளவுக்குத் திணறினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

கழுத்து இறுக்கமும் பாதி இதோடு சேர்ந்ததுதான். மேல் நெஞ்சால் மூச்சு விடும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசைகள் விலா எலும்பைத் தூக்குகின்றன. ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை. வலிக்காமல் என்ன செய்யும்?

சுண்டைவற்றல்:
யாராவது கபாலபாதி செய்யச் சொன்னால் இப்போதைக்கு வேண்டாம். வேகவேகமாக வெளியே தள்ளுவது உங்களுக்கு ஏற்கெனவே உள்ள தொந்தரவைத்தான் கூட்டும். இழுப்பது 1, அடக்குவது 4, விடுவது 2 என்ற கணக்கில் கும்பகம் (மூச்சை உள்ளே அடக்குவது) பிடிப்பதும் ஆசிரியர் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பழக வேண்டியது, படபடப்போடு தனியாக ஆரம்பிக்கிற விஷயம் இல்லை. எண்ணிக்கையே எரிச்சலாக இருந்தால் பிராமரி நல்லது: வாயை மூடி "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில், எட்டு பத்து தடவை. ரீங்காரம் போட்டாலே விடும் மூச்சு தானாக நீளும்.

பேப்பர் கவருக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தையும் மறந்துவிடுங்கள். மூச்சுத் தொந்தரவுக்குக் காரணம் நுரையீரலிலோ இதயத்திலோ இருந்தால் ஆக்சிஜன் இறங்கி ஆபத்தாகிவிடும்.

மெல்லினம்:
தாடையைப் பற்றி யாரும் எழுதல, நான் எழுதறேன். வாய் சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் தொடவே கூடாது, நடுவுல இரண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். மெல்லவும் விழுங்கவும் மட்டும்தான் பல்லுக்குப் பல் வேலை. எக்செல் ஷீட்டை முறைச்சுப் பார்க்கிறப்ப நீங்க கடிச்சுக்கிட்டு இருப்பீங்க, தெரியாது. காதுக்குக் கீழே, கன்னத்தோட பின்பக்கம் விரல் வெச்சு ஒரு தடவை கடிங்க. புடைக்குது பாருங்க, ராத்திரியெல்லாம் வேலை செய்யறது அந்தத் தசைதான். கண்ணாடியில நாக்கு ஓரத்தைப் பாருங்க, அலை அலையா பல் பதிஞ்ச தடம் இருந்தா சந்தேகம் வலுக்குது.

இறக்கி வைக்க ஒரு வழி: "ன்" சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்க. "ந்" இல்லை, ந் சொன்னா நாக்கு பல்லைத் தள்ளும். "ண்" ரொம்ப உள்ளே வளைஞ்சு போயிடும். றன்னகரம்தான் சரியான இடம். உதடு மூடி, பல் விலகி, நாக்கு நுனி ன்-இல். மானிட்டர் ஓரத்துல பென்சிலால ஒரு "ன்" எழுதி ஒட்டிடுங்க, கண்ணுல படும்போதெல்லாம் சரி பண்ணுங்க. ராத்திரி வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணி பத்து நிமிஷம். பல் டாக்டர் நைட் கார்டு (தூங்கும்போது பல்லுல மாட்டிக்கிற உறை) கொடுப்பார். அது பல் தேயாம காப்பாத்தும், கடிக்கிறதை நிறுத்தும்னு நம்பாதீங்க.

தோளுக்கு: எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க மருத்துவர், நூறு வருஷம் முன்னாடியே தசையை இறுக்கித் தளர்த்தற முறையைக் கொண்டுவந்தார். இப்போ சொல்லித்தர்றது அதோட சுருக்கம். இறுக்கறது 5 நொடி, தளர்த்தறது 20 நொடி. முதல்ல கை முஷ்டி, அப்புறம் மேல் கை, நெற்றி, கண், தோள் (காது வரைக்கும் தூக்கி), வயிறு, தொடை, கெண்டைக்கால். ஒவ்வொண்ணும் இரண்டு தடவை. படுத்துக்கிட்டு பதினைஞ்சு நிமிஷம்.

நிறைய பேர் முழு பலத்தோட இறுக்குவாங்க, முக்கால்வாசி போதும். கெண்டைக்காலுக்குப் பாதத்தை உங்க பக்கம் மடக்குங்க, எதிர்ப்பக்கம் நீட்டினா நரம்பு இழுத்துக்கும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறுக்காதீங்க, பிரஷர் உள்ளவங்க முக்கியமா. விடும்போது மெதுவா இறக்கக் கூடாது, கயிறு அறுந்த மாதிரி பொத்துனு விடணும். அந்த 20 நொடியை அவசரப்பட்டுத் தாண்டிடறதுதான் பெரிய தப்பு. இறுகினதுக்கும் தளர்ந்ததுக்கும் வித்தியாசம் மூளைக்குப் புரியறது அப்பத்தான். தாடையை மட்டும் இறுக்க வேண்டாம், உங்களுக்கு அது ஏற்கெனவே நிறைய.

நாடித்துடிப்பு:
ஒரு எச்சரிக்கை, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சும்மா இருக்கும்போது எடுத்த ஒரு இசிஜி சரியாக இருப்பதால் நெஞ்சு விஷயம் முடிந்துவிடாது. மாடி ஏறும்போது நெஞ்சு அழுத்தி, நின்றால் விடுகிறது என்றால் டிரெட்மில், எக்கோ வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அழுத்தத்தோடு குளிர்ந்த வியர்வை, வாந்தி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் 108. "கேஸ்" என்று சோடா குடித்து ஒரு மணி நேரம் பார்ப்பது நம்மூரில் பலரைக் கொன்றிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமலும் வரும். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

காபியையும் பாருங்கள். காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். ஐந்து மணி டிகிரி காபி பத்து மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
நன்றி. மாடி ஏறும்போது ஒன்றும் இல்லை, உட்கார்ந்தே இருந்தால்தான் நெஞ்சு இறுக்கம். பத்து நாளாக 3-4 செய்கிறேன், கிறுகிறுப்பு போய்விட்டது. ஆனால் படபடப்பு வரும் அந்த நேரத்தில் செய்தால் ஒன்றும் ஆவதில்லை. வலது கையில் மோதிர விரல், சுண்டு விரல் மதமதப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

வடிகால்:
பத்து நாள் போதாது. சும்மா இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் பழகினால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும். படபடப்பில் சுரக்கும் ஹார்மோன்களில் அட்ரினலின் சில நிமிடத்தில் வடிந்துவிடும், ஆனால் கார்டிசால் இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் உச்சிக்கு வரும். போனில் சண்டை போட்டால் கை நடுக்கம் சீக்கிரம் நின்று, இறுக்கம் மட்டும் ஒரு மணி நேரம் இழுப்பது அதனால். அந்த நேரத்தில் உட்கார்ந்து எண்ணாமல் பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வந்து எண்ணுங்கள்.

விரல் வேறு கதை. மூச்சால் வந்தால் இரண்டு கையிலும், வாயைச் சுற்றியும் வரும். கட்டைவிரல் பக்கம் மூன்று விரல், ராத்திரி எழுப்புகிறது என்றால் மணிக்கட்டு நரம்பு. ஒரே கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் என்றால் பெரும்பாலும் முழங்கையின் உள்பக்கம், இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த இடத்து நரம்பு. மவுஸ் பிடிக்கும்போது நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றுகிறீர்களா? மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள், போனை அந்தக் கையில் மடக்கிப் பிடித்து மணிக்கணக்கில் பேசாதீர்கள், தூங்கும்போது முழங்கைக்கு ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றி மடங்காமல் பாருங்கள். மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, பேனா பிடிக்கும் பிடி தளர்ந்தாலோ நரம்பு டாக்டரிடம் போய் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஊன்றுகிறேன். நாள் முழுக்க. கைப்பிடியில் ரெக்ஸினே தேய்ந்து போயிருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.