போனில் பூம்புகார் புள்ளி கடலுக்குள் போகிறது: அப்சல்யூட் பொசிஷன் உதவி

கடைமடை:
வணக்கம். எங்கள் ஊர் விவசாயிகள் குழுவுக்கு ஒரு இணையப் பக்கம் செய்கிறேன். மேட்டூர் திறந்த பிறகு தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று டெல்டா படத்தின் மேல் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். வந்த ஊர் நீலம், வராத ஊர் சிவப்பு. படம் 1200க்கு 600 பிக்சல். எல்லாப் புள்ளிக்கும் பொசிஷன் அப்சல்யூட், அதாவது சொன்ன தூரத்தில் நேராகப் போய் நிற்கும் முறை. பூம்புகாருக்கு லெஃப்ட் (இடமிருந்து தூரம்) 1140, டாப் (மேலிருந்து தூரம்) 210. லேப்டாப்பில் கனகச்சிதம். போனில் படம் சுருங்குகிறது, பூம்புகார் திரையை விட்டே வெளியேறுகிறது. படத்துக்கு மேலே ஒரு அறிவிப்புப் பட்டை சேர்த்தால் படம் இறங்குகிறது, புள்ளிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

குடந்தைக்காரன்:
இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் தம்பி. தன்னைச் சுற்றியுள்ள பெட்டிகளில் பொசிஷன் கொடுத்தது எதுவும் இல்லையென்றால், அப்சல்யூட் பக்கத்தின் மூலையிலிருந்தே அளக்கும். படத்தையும் புள்ளிகளையும் ஒரே டிவ்வுக்குள் (பக்கத்தில் ஒரு பெட்டி) போட்டு, அதற்குப் பொசிஷன் ரிலேடிவ் கொடுங்கள்; புள்ளிகள் அந்தப் பெட்டியின் மூலையிலிருந்து அளக்கும். அப்புறம் பிக்சலை விட்டுச் சதவீதத்துக்கு வாருங்கள்: லெஃப்ட் 95%, டாப் 35%. படத்துக்கு அகலம் 100%, டிஸ்ப்ளே பிளாக் (எழுத்துபோல வரியில் நிற்காமல் தனிப் பெட்டியாக நிற்க). பிளாக் இல்லாவிட்டால் படத்துக்கு அடியில் சின்ன இடைவெளி தங்கி, டாப் கணக்கு பிசகும்.

கடைமடை:
முக்கால்வாசி சரியாகிவிட்டது அண்ணா. படத்தின் நடுவே உள்ள பாபநாசம் அதன் இடத்தில் நிற்கிறது. ஆனால் போனில் முக்கொம்பு மேற்கே தள்ளி, பூம்புகார் கிழக்கே கடலில். லேப்டாப்பில் அவ்வளவாகத் தெரியவில்லை.

வெண்ணாறு:
நடு சரியாக இருந்து ஓரம் மட்டும் விலகினால் பேடிங்கைத்தான் (பெட்டியின் உள் ஓர இடைவெளி) சந்தேகப்பட வேண்டும். அந்த டிவ்வுக்குப் பேடிங் உண்டா?

கடைமடை:
ஆமாம், 16 பிக்சல். திரையோரம் ஒட்டாமல் இருக்கட்டும் என்று.

வெண்ணாறு:
அதுதான். லெஃப்ட் சதவீதம் பேடிங்கையும் சேர்த்த அகலத்தில் கணக்காகும். படமோ பேடிங்குக்கு உள்ளே இருக்கிறது. 360 பிக்சல் போனில் இரு பக்கமும் 16 போகப் படத்துக்குக் கிடைப்பது 328. புள்ளி 360இன் 95%, அதாவது 342ல் விழுகிறது. படத்தில் பூம்புகார் இருப்பதோ இடப் பேடிங் 16உடன் படத்தின் 95% சேர்த்து, திரையின் இடமிருந்து 328 பக்கம். 14 பிக்சல் கடலுக்குள். லேப்டாப்பிலும் அதே 14தான், பெரிய படத்தில் கண்ணில் படவில்லை. பேடிங்கை வெளியே இன்னொரு டிவ்வுக்கு மாற்றுங்கள்.

கடைமடை:
பூம்புகார் கரையேறிவிட்டது! இன்னும் ஒன்று. ஸ்க்ரோல் செய்தால் புள்ளிகள் ஸ்டிக்கி தலைப்பின் (திரை உச்சியிலேயே ஒட்டி நிற்கும் தலைப்பு) மேல் ஊர்கின்றன.

குடந்தைக்காரன்:
தலைப்புக்கு இசட்-இண்டெக்ஸ் (எது மேலே தெரிய வேண்டும் என்ற எண்; பெரியது மேலே) 10, பட டிவ்வுக்கு 0 கொடுங்கள். புள்ளிகளின் எண் எதுவானாலும் அந்த டிவ்வுக்குள்ளேயே அடங்கும். 9999 போடாதீர்கள், அடுத்து வரும் மெனு 99999 கேட்கும். அப்புறம், வயல் வெயிலில் போனில் நிறம் சரியாகத் தெரியாது. புள்ளி பக்கத்தில் 'வந்தது' என்று எழுதிவிடுங்கள். பூம்புகாருக்கு மட்டும் எழுத்தை இடப்பக்கம் வையுங்கள். வலப்பக்கம் நீண்டால் பக்கமே குறுக்கே நகர ஆரம்பிக்கும்.