மறு: ‘மதிப்பீடு’ போதாதா? ஒப்பந்தப்புள்ளிகளை எடைபோடும் வேலைக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். டெண்டருக்கு வந்த உறைகளைப் பரிசீலித்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு (இவாலுவேஷன்), அச்சுக்குப் போகும் கையேட்டுக்காக ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘ஒப்பந்தப்புள்ளி மதிப்பீடு’ என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதிதாக எதற்கு ஒன்று?

ஐயா, போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். பெங்களூரில் இருந்துகொண்டு, இங்குள்ள கம்பெனிகளுக்குப் பொருள் கொடுக்கும் ஓசூர்ப் பட்டறைக்காரர்களுக்கு டெண்டர் ஆவணங்களைத் தமிழில் சுருக்கிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதில் ஒருவருக்கு, “மதிப்பீட்டில் உங்கள் புள்ளிதான் அண்ணே மிகக் குறைவு” என்று செய்தி அனுப்பினேன். மனிதர் இனிப்பு வாங்கிவிட்டார்! அவரைப் பொறுத்தவரை புள்ளி என்றால் விலைப்புள்ளி. விலை குறைவு என்றால் எல்1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்), எல்1 என்றால் ஆர்டர் கைக்கு வந்த மாதிரி. நான் சொல்ல வந்ததோ, தொழில்நுட்ப உறைக்கு (விலை இல்லாமல், தகுதியையும் தரத்தையும் மட்டும் சொல்லும் உறை) போட்ட மார்க்கில் அவர் கடைசி என்பது. தப்பு என்னுடையது. பாதிப் பழியைச் சொல்லின் மேலும் போடலாம்.

‘மதிப்பீடு’ இந்தத் துறையில் இரண்டு வேலை பார்க்கிறது. டெண்டர் விடும் முன் ‘இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும்’ என்று இன்ஜினீயர் போடும் எஸ்டிமேட்டும் மதிப்பீடுதான், வந்த உறைகளைப் பிரித்துத் தரம் பார்ப்பதும் மதிப்பீடுதான். ஒரே அறிவிப்பில் ‘மதிப்பீட்டுத் தொகை’, ‘மதிப்பீட்டுக் குழு’ இரண்டும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? இங்கே கன்னடத்தில் இந்தக் குழப்பம் இல்லை. எஸ்டிமேட்டுக்கு ‘அந்தாஜு’, பரிசீலித்து மதிப்பிடுவதற்கு ‘மௌல்யமாபன’. இலங்கைத் தமிழரும் கொள்முதலுக்குப் ‘பெறுகை’, டெண்டருக்கு ‘விலைமனு’ என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். (நம் பக்கத்தில் நிராகரித்த மனுவையும் ‘தள்ளுபடி’ என்கிறோம், விலைக் குறைப்பையும் ‘தள்ளுபடி’ என்கிறோம். அதைத் தனி இழையில் பேசலாம்.)

என் முன்மொழிவு: சீர்தூக்கல்.

சரி, எதைச் சீர்தூக்குகிறோம்? இரண்டு உறை முறையில் முதலில் தொழில்நுட்ப உறையைத்தான் பிரிப்பார்கள். வைப்புத்தொகை கட்டியிருக்கிறாரா, கேட்ட சான்றிதழ் உண்டா, அனுபவம் போதுமா என்பதெல்லாம் ஆம் அல்லது இல்லை. இதில் தூக்குவதற்கு ஒன்றுமில்லை, சல்லடை மட்டும்தான். இதற்கு நான் முதலில் ‘தகுதிச் சலிப்பு’ என்று வைத்துப் பார்த்தேன். டெண்டர் போட்டுப் போட்டு ஓய்ந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு விதத்தில் பொருந்துவதால் விட்டுவிட்டேன். ‘தகுதி ஆய்வு’ போதும். அதில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

தேறியவர்களில் யார் மலிவு என்று மட்டும் பார்த்தால் அங்கேயும் தராசு வேண்டாம், ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று போதும். தரத்தையும் விலையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தராசு வருகிறது. ஒரு கணக்கு: ‘அ’ தரத்துக்கு 90 மார்க், விலை 12 லட்சம். ‘ஆ’ தரத்துக்கு 75 மார்க், விலை 10 லட்சம். குறைந்த விலைக்கு 100 மார்க் என்று வைத்தால் ‘அ’வின் விலைக்கு 83.33. தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று நிறை (வெயிட்டேஜ்) கொடுத்தால் ‘அ’ 88, ‘ஆ’ 82.5. நிறையைத் திருப்பிப் போடுங்கள்: ‘அ’ 85.33, ‘ஆ’ 92.5. உறைக்குள் ஒரு எழுத்து மாறவில்லை, ஜெயித்தவர் மாறிவிட்டார். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் இந்த முறையைத் திறந்துவிட்டபோது, தரத்தின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்போட்டதன் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. தரத்தின் நிறை ஏற ஏற, விலை கூடக் கேட்பவரும் ஜெயிக்கலாம்.

> ‘சீர்தூக்கல்’ மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. ஆபீசில் யார் சொல்வார்கள்?

“எல்லாத்தையும் சீர்தூக்கிப் பார்த்துத்தான் பொண்ணு கொடுத்தோம்” என்று சொல்பவர்கள் எந்த மேடையில் ஏறினார்கள்? வினையாகவும் வளைகிறது: சீர்தூக்கினார்கள், சீர்தூக்குக் குழு, சீர்தூக்கு அறிக்கை. ‘வெயிட்டேஜ்’ என்பதற்கு ‘நிறை’ என்று போட்டால் இரண்டும் ஒரே தராசில் சேர்ந்துகொள்கின்றன. மார்க்குக்கு ‘மதிப்பெண்’ மட்டும். ‘புள்ளி’ என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம், எனக்கு இனிப்புச் செலவு ஆகிறது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ‘சீர்’ என்பதில் நடுநிலை என்ற பொருள் ஏறியிருக்கிறது. ஏற்கெனவே முடிவுசெய்த ஆளுக்குத் தோதாக நிபந்தனை எழுதும் இடங்களிலும் இதே சொல்லைப் போட வேண்டியிருக்கும், கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ‘தூக்கல்’ என்று மட்டும் வைக்கலாமா என்றால், வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

அப்புறம், போன வாரம் அதே ஓசூர்க்காரரிடம் புது அறிவிப்பைச் சீர்தூக்கல், நிறை என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தரத்துக்கு எவ்வளவு நிறை போட்டிருக்கான் தம்பி?”

மாற்றுச் சொல் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள். கையேடு அச்சுக்குப் போகிறது.