வொர்க்மென்ஸ் (வேலையில் அடிபட்டால் வரும் நஷ்டஈடு) வாங்கினால் ஆர்.ஏ.எஃப். (சாலை விபத்துக் காயங்களுக்கு ஈடு தரும் அரசு நிதியம்) கிடையாதா?

சாட்ஸ்வர்த் டிரைவர்:
வணக்கம். டர்பனில் ஒரு மசாலாக் கடைக்கு பக்கி ஓட்டுகிறேன் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர், யாரையும் திட்டவில்லை). போன மாதம் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஹிகின்சன் ஹைவேயிலிருந்து இறங்கி, ரோபோ (டிராஃபிக் லைட்) சிவப்பாக இருந்ததால் நின்றேன். பின்னால் வந்த கார் இடித்ததில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. காரிலிருந்து இறங்கி வந்த பையன் முதலில் சொன்னதே தனக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதுதான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். இப்போது மாவுக்கட்டோடு தேர் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

முதலாளி சொல்கிறார், "வொர்க்மென்ஸ் காசு வருகிறதே, அப்புறம் ஆர்.ஏ.எஃப். எதற்கு? ஒரே கைக்கு இரண்டு இடத்தில் காசா?" சம்பளம் 12,000 ரேண்ட். இப்போது வருவது 9,000. மீதி போனது போனதுதானா?

பழைய கிளார்க்:
தம்பி, வக்கீல் ஆபீசில் இந்த ஃபைல்களைப் பல வருடம் கட்டித் தூக்கியவள் நான். உங்கள் முதலாளி சொல்வது பாதி சரி. ஒரே காசை இரண்டு தடவை வாங்க முடியாது. இரண்டு இடத்திலும் கேட்கலாம். வொர்க்மென்ஸுக்கான 1993 சட்டத்தின் 35-ஆம் பிரிவு முதலாளி மேல் வழக்குப் போடுவதைத்தான் தடுக்கிறது. இடித்தவன் வெளியாள், அதற்கு 36-ஆம் பிரிவு வழி விடுகிறது. வொர்க்மென்ஸ் கொடுத்ததை ஆர்.ஏ.எஃபில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அது தருவது சம்பளத்தில் 75%. உங்கள் 9,000 அதுதான். முதல் 3 மாதம் முதலாளி கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வொர்க்மென்ஸ் நிதியத்திடம் திரும்ப வாங்கிக்கொள்வார். விட்டுப்போகும் 3,000-ஐ ஆர்.ஏ.எஃபிடம் கேளுங்கள். வலி, வேதனைக்கு வொர்க்மென்ஸ் ஒரு சதம்கூடத் தராது. ஆர்.ஏ.எஃப். தரும், ஆனால் காயம் கடுமையானது என்று டாக்டர் ஆர்.ஏ.எஃப். 4 படிவத்தில் எழுத வேண்டும். மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டால் அதை ரொம்ப நம்பாதீர்கள்.

பையனுக்கு இன்சூரன்ஸ் இல்லாததால் உங்கள் கைக்கு ஒன்றும் குறையாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் லிட்டர் கணக்கில் நாம் கட்டும் வரியில்தான் ஆர்.ஏ.எஃப். நடக்கிறது. ஆனால் தப்பு அவனுடையது என்று காட்ட வேண்டும். வண்டிச் சேதத்துக்கு ஆர்.ஏ.எஃப். தராது, பக்கியின் பின்பக்கம் முதலாளியின் தலைவலி. ஒருவேளை அவர் எரிச்சலே அதுதானோ என்னவோ!

டோங்காட்காரன்:
தம்பி, தேதியைப் பாருங்கள். இடித்தவன் யாரென்று தெரிந்தால் 3 வருடத்துக்குள் ஆர்.ஏ.எஃப். கிளெய்ம் போடலாம். இடித்துவிட்டு ஓடிவிட்டால் 2 வருடம்தான். என்னை இடித்தவன் நிற்கவில்லை. வொர்க்மென்ஸ் கணக்கு முடியட்டும், எவ்வளவு கழியும் என்று தெரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வக்கீலிடம் போனபோது 2 வருடம் முடிந்து 11 நாள் ஆகியிருந்தது.

சாட்ஸ்வர்த் டிரைவர்:
நன்றி அக்கா, அண்ணா. போலீஸ் கேஸ் நம்பர் இருக்கிறது, பையனின் லைசென்ஸையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். வொர்க்மென்ஸ் படிவத்தின் நகலைத்தான் முதலாளி தர மறுக்கிறார்.

பழைய கிளார்க்:
கிளெய்ம் நம்பரை மட்டும் கேட்டு வாங்குங்கள். 9,000 என்று போட்ட சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.