ஹெட்போன் ஆம்ப் சொந்தமாகச் செய்தவர்களே, உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்?

ஈயப்புகை:
பழைய போர்டு ஒன்று கையில் அகப்பட்டது, மறுபடி எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சூ மோய் என்பவர் வடிவமைத்த சிமோய் வகைச் சின்ன ஆம்ப்தான். 9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் பிளஸ் மைனஸ் 12 வோல்ட் சப்ளை, ஓப்-ஆம்புக்கு (சிக்னலைப் பெருக்கும் சிப்) பின்னால் கரண்ட் கொடுக்க ஒரு பஃபர், கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, அதே 11. உள்ளீட்டில் டிசியைத் தடுக்க வரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மட்டும் விட்டுவிட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும். சிக்னல் போகும் வழியில் கெப்பாசிட்டர் இருக்கவே கூடாது என்று எங்கெங்கோ படித்து மண்டையில் ஏற்றிக்கொண்ட காலம் அது.

டிசி ஆஃப்செட், அதாவது வெளியீட்டில் தேவையில்லாமல் நிற்கும் டிசி வோல்ட்டேஜ், எவ்வளவு என்று பார்க்காமல் மாட்டவில்லை. உள்ளீட்டை கிரவுண்டோடு சேர்த்துவிட்டு அளந்தேன். இடது 3 மில்லிவோல்ட், வலது 4. திருப்தியாக மூடியைத் திருகிவிட்டு 300 ஓம் ஹெட்போனைச் செருகினேன். பாட்டு அருமை. ஒரே குறை, வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று ஒரு சத்தம். புத்தம்புது கண்ட்ரோல் ஏன் கரகரக்க வேண்டும் என்று அங்கேயே யோசித்திருக்கணும். யோசிக்காமல் அதைத் திட்டிவிட்டு வேறு ஒன்றை மாட்டினேன். அதுவும் கரகரத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி காது மெத்தையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்ப் ஆனில் இருக்கிறது, பாட்டு எதுவும் ஓடவில்லை. டார்ச் வெளிச்சம் டிரைவரின் சவ்வில் பட்டு ஒரு சின்னப் புள்ளியாக மின்னியது. கை தவறி வால்யூம் குமிழில் பட்டது. புள்ளி நகர்ந்தது. குமிழைப் பின்னால் திருப்பினேன், புள்ளி பழைய இடத்துக்கு வந்தது. சத்தமே இல்லை. நான் திருப்பத் திருப்ப சவ்வு உள்ளே போகிறது, வெளியே வருகிறது.

மீட்டரை வைத்தால் முழு வால்யூமில் 1.98 வோல்ட் டிசி. பாட்டை டிஜிட்டலிலிருந்து அனலாக் சிக்னலாக்கித் தரும் என் டிஏசி போர்டிலிருந்தே 180 மில்லிவோல்ட் கசிந்துகொண்டிருக்கிறது. அதை நான் 11 மடங்காக்கிக் காதில் மாட்டிக்கொண்டு "பேஸ் என்ன இறுக்கமாக இருக்கிறது" என்று இரண்டு மாதம் ரசித்திருக்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது?

மூன்றாம் கால்:
எனக்கு எல்எம்337, மைனஸ் வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர். இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இப்போதே புரிந்திருக்கும். பிளஸ் பக்கத்துக்கான எல்எம்317இன் கால்கள் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். 337இல் அட்ஜஸ்ட், இன், அவுட். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், நானும் ஒரே மாதிரி நினைத்து போர்டு வரைந்தேன்.

ஆன் செய்தேன். ஒன்றுமே ஆகவில்லை. எல்இடி எரிந்தது. பிளஸ் பக்கம் அளந்தேன், சரியாக 12. மைனஸ் பக்கம் அளக்க முனையை எடுக்கிறேன், அதற்குள் 16 வோல்ட் கெப்பாசிட்டரின் தலை மெதுவாக உப்புகிறது. மேலே சிலுவைக் கோடு போட்டிருக்குமே, அது விரிவதைக் கண்ணால் பார்த்தேன். ஏன் கையை எடுக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். டப். தலைமுடி எல்லாம் பஞ்சு மாதிரி ஈரக் காகிதம். ரெகுலேட் ஆகாத 22 வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கிறது. ஆனால் ஓப்-ஆம்ப், ஓபிஏ2134, பிழைத்துவிட்டது! அதற்கு மொத்தம் 36 வோல்ட் வரை தாங்கும். இன்றும் அதே சிப்தான் ஓடுகிறது.

அளவே தெய்வம்:
முதல் பதிவருக்கு ஒன்று சொல்லியே ஆகணும். உங்கள் கதையில் குற்றவாளி டிஏசி இல்லை, கெயின் 11. எதற்கு 11? சூ மோய் அதை வடிவமைத்த நாளில் ஆட்கள் கையில் இருந்தவை வலுவில்லாத கையடக்கப் பிளேயர்கள். மேசை மேல் வைக்கும் டிஏசி 2 வோல்ட் கொடுக்கிறது. அதற்கு 300 ஓம் ஹெட்போனோடு 2 அல்லது 3 மடங்கே தாராளம். 11 வைத்தால் வால்யூம் குமிழின் முதல் கால் பகுதியிலேயே எல்லாம் முடிந்துவிடும், இரண்டு சேனலும் ஒத்துப்போகாத இடமும் அதுதான்.

அப்புறம் கெப்பாசிட்டர் பயம். 2011இல் வந்த ஓ2 என்ற ஹெட்போன் ஆம்பைப் பாருங்கள். அதை வடிவமைத்தவர் அளந்து காட்டாத எதையும் நம்பாத ஆள். அவரே சிக்னல் வழியில் கெப்பாசிட்டர் வைத்தார். 0.1 மைக்ரோஃபாரடும் 100 கிலோஓமும் சேர்ந்தால் 16 ஹெர்ட்ஸில்தான் வெட்டு விழுகிறது, அதற்குக் கீழே உள்ளதுதான் குறையும். மனசு ஆறவில்லை என்றால் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள், 1.6 ஹெர்ட்ஸ். யார் காதுக்கு அது கேட்கும்?

இன்னொன்று, நீங்கள் தப்பித்தது 300 ஓமால். 2 வோல்ட்டுக்கு அதில் 13 மில்லிவாட்தான் போகும். அதே இடத்தில் 32 ஓம் ஹெட்போன் இருந்திருந்தால் 125 மில்லிவாட், அதுவும் அசையாமல் நிற்கும் சுருளில். உள்ளீட்டைக் கிரவுண்ட் செய்து ஒரு தடவை, சோர்ஸை மாட்டி முழு வால்யூமில் இன்னொரு தடவை அளக்கணும். பிறகு ஹெட்போனுக்குப் பதில் 33 ஓம் ரெசிஸ்டரை மாட்டி அரை மணி நேரம் சூடேறவிட்டு மூன்றாம் தடவை. அதற்கும் பிறகு தூக்கி எறியத் தயாராக இருக்கிற ஒரு ஹெட்போன். கடைசியில்தான் நல்லது.

என் கதை சின்னது. டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டியில் "ஊம்" போகவே இல்லை. கிரவுண்ட் வயரை எல்லாம் மாற்றினேன், ஷீல்டு போட்டேன். ஒரு வாரம் கழித்து, நடு போல்ட்டைத் தளர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டே டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் சுற்றினேன். கால் வட்டம் தாண்டியதும் ஊம் சட்டென்று அமுங்கியது. இன்னும் கொஞ்சம் சுற்றினால் திரும்ப வந்தது. அமுங்கிய இடத்தில் பேனாவால் கோடு போட்டு இறுக்கினேன், அவ்வளவுதான்.

பழைய வால்வு:
அண்ணா, மின்சாரம் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் சுற்றினேன் என்று இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்கள், புதிதாக வருபவர்கள் படிக்கிறார்கள். மேலே அத்தனை உபதேசம் செய்துவிட்டு இதுவா?

நான் பேசக் காரணம் இருக்கிறது. வால்வு ஆம்ப், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை, உள்ளே 180 வோல்ட். பிளக்கைப் பிடுங்கி நாலு நிமிடம் நன்றாகக் காத்திருந்தேன். வால்வின் செந்நிறம் எப்போதோ அணைந்துவிட்டது. ஒரு சால்டர் இணைப்பு மங்கலாகத் தெரிந்தது, வலது கையில் சால்டர் அயர்னோடு, இடது கையை சேஸி (உலோக அடித்தட்டு) மேல் ஊன்றிக் குனிந்தேன்.

அயர்ன் சுவரில் போய் விழுந்தது. தோள்பட்டை வரை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி. பிறகு பார்த்தால் கெப்பாசிட்டரைக் காலி செய்யப் போட்டிருந்த ரெசிஸ்டரின் ஒரு கால் துளைக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. ஈயம் மேலே படர்ந்திருக்கிறது, காலைப் பிடிக்கவில்லை. நான் திருத்தக் குனிந்த அந்த மங்கல் இணைப்பே அதுதான். இப்போதெல்லாம் மீட்டரில் வோல்ட்டேஜ் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே கை உள்ளே போகும். இடது கை பையில்.

அளவே தெய்வம்:
சுற்றினேன் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட டிரான்ஸ்ஃபார்மர், டெர்மினல்கள் எல்லாம் மூடியிருந்தன. உபதேசம் என்று ஏன் சொல்கிறீர்கள், அளவு சொன்னேன்.

சாக்கெட்:
சண்டை வேண்டாம், என்னைப் பார்த்துச் சிரியுங்கள். ஓப்-ஆம்ப் மாற்றி மாற்றிக் கேட்கிற நோய் எனக்கு இருந்தது. 8 மெகாஹெர்ட்ஸ் ஓபிஏ2134ஐப் பிடுங்கிவிட்டு 100 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒன்றைச் செருகினேன். அடேயப்பா. கண்ணாடியைத் துடைத்த மாதிரி. மேல் சுருதிகளில் ஒரு மினுமினுப்பு. நண்பர்களுக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், "காற்றோட்டம்" என்ற சொல்லை மட்டும் ஆறு தடவை. ஒருவர் அதைப் படித்து அதே சிப்பை வாங்கிவிட்டார்.

மூன்றாம் நாள், சிப் சூடாக இருக்கிறதா என்று சும்மா விரலை வைத்தேன். எடுத்தபோது விரல் நுனியில் சிப்பின் எழுத்துகள் லேசாகப் பதிந்திருந்தன. ஆசிலோஸ்கோப் இருக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பாட்டே போடாமல் திரை முழுக்கப் பச்சைப் பட்டை. சிப் தன்பாட்டுக்கு மெகாஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டிருக்கிறது. சப்ளை கால்களுக்கு ஒட்டியே இருக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை நான் போர்டின் மறுமூலையில், வரிசை அழகாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அவற்றைக் காலடியில் மாற்றியதும் ஆட்டம் நின்றது, காற்றோட்டமும் நின்றது. அந்தச் சிப்பை வாங்கிய நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் கால்:
அவருடைய போர்டில் கெப்பாசிட்டர் சரியான இடத்தில் இருந்தால் அவர் உங்களைவிட நல்ல ஒலி கேட்டிருப்பார், விடுங்கள்.

செருகு:
எல்லாரும் உள்ளே பார்க்கிறீர்கள், நான் ஜாக்கில் மாட்டினேன். பாட்டு ஓடும்போதே பிளக்கை இழுத்தால் அதன் நுனியும் வளையமும் உள்ளே இருக்கிற தொடுமுனைகளைத் தாண்டித்தான் வெளியே வரும். அந்தக் கண நேரத்தில் ஒரு சேனல் கிரவுண்டோடு ஷார்ட். அவுட்புட்டில் ஒரு ரெசிஸ்டர்கூட வைக்காத டிரான்சிஸ்டர் ஆம்ப் என்னுடையது. விருந்தினர் ஒருவர் "எனக்கும் கொடுங்கள்" என்று பிளக்கைச் சட்டென்று உருவினார். வலது பக்கம் போச்சு. அவர் இன்றும் தான் ஒன்றும் செய்யவில்லை என்றே நினைக்கிறார், உண்மையும் அதுதான்.

ஈயப்புகை:
எல்லாருக்கும் நன்றி. "அளவே தெய்வம்" சொன்னபடி 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் போட்டேன், கெயினை 3க்கு இறக்கினேன். முழு வால்யூமில், சோர்ஸ் மாட்டிய நிலையில் 2 மில்லிவோல்ட். கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டது. முதலில் திட்டிக் கழற்றிய கண்ட்ரோலையே திரும்ப மாட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை. பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. பேஸ் முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது, அதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

பழைய வால்வு:
அந்த ஹெட்போன் என்ன ஆயிற்று?

ஈயப்புகை:
ஓடுகிறது. ஆனால் அன்றிலிருந்து இடது பக்கம் ஒரு நூல் தாழ்வாகக் கேட்கிறது எனக்கு. மீட்டர் வைத்து அளந்தேன், இரண்டு டிரைவரும் ஒரே ஓம். டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு சவ்வும் நேராக இருக்கின்றன. நேற்று ஹெட்போனைத் திருப்பி, இடதை வலது காதில் மாட்டிக் கேட்டேன். அப்போதும் இடது பக்கம்தான் தாழ்வாக இருக்கிறது.