வெயிலையும் மழையையும் தாங்கிய தொட்டி எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எந்தச் செடி வைக்கலாம், என்ன உரம் போடலாம் என்று நிறையப் பேசுகிறோம். அந்தச் செடி நிற்கிற தொட்டியைப் பற்றித்தான் பேச்சே வருவதில்லை. ஆனால் மாடித்தோட்டத்தில் பெரிய செலவு அதுதான். யார் வீட்டில் எது நின்றது, எது போனது என்று ஆளுக்குக் கொஞ்சம் எழுதினால், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவும். முதலில் நான் எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் நிழலே கிடையாது. கத்திரி வெயிலில் தரையில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலுக்கு முதலில் பலியாவது சாதாரண பிளாஸ்டிக் தொட்டிதான். இரண்டு கோடையில் நிறம் வெளுத்துவிடும். அப்புறம் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் துண்டாகக் கையோடு வரும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ளேயே சிதைக்கிறது. தண்ணீர் கேனை அறுத்து வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிச்சம் உள்ளே போவதால் பாசி பிடிக்கும்.

அதே மாடியில் அசையாமல் நிற்பது 200 லிட்டர் நீல டிரம். குறுக்கே அறுத்தால் எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் ஆழமான தொட்டி இரண்டு கிடைக்கும். நீளவாக்கில் அறுத்தால் கீரைப் பாத்தி. வாங்கும்போது டிரம்மில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது எச்டிபிஇ என்கிற கெட்டியான பிளாஸ்டிக். பழைய டிரம் கடையில் இதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பழக்கூழோ எசன்ஸோ என்றால் கழுவிப் பயன்படுத்தலாம். மூக்கில் ஏறுகிற ரசாயன நெடி அடித்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதில் சாப்பிடுகிற காயைத்தான் வளர்க்கப் போகிறோம்.

க்ரோ பேக், அதாவது செடி வளர்க்கிற பை விஷயத்தில் விலையைப் பார்க்காமல் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பைத் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) எவ்வளவு என்று கேளுங்கள். 200க்கு மேல், புற ஊதாக் கதிர் தாங்குகிற வகை என்றால் சில வருடம் ஓடும். மெல்லிய பை தையல் ஓரத்தில் பிரிந்துவிடும். மண்ணோடு பையை இழுத்து இடம் மாற்றாதீர்கள், கிழிவது பெரும்பாலும் அப்போதுதான்.

மதுரையிலிருந்து:

மடிப்பாக்கம் அண்ணா சொல்வது மொட்டை மாடிக்குச் சரி. ஆனால் மண் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எங்கள் வீட்டு முற்றத்தில் மண் தொட்டிகள்தான் அதிகம். மானாமதுரை பக்கத்தில் இருப்பதால் நேரே போய்ப் பார்த்து வாங்க முடிகிறது. அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எங்கள் வீட்டுக்கே கிடைத்த மாதிரி எனக்குச் சந்தோஷம்.

மண் தொட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்ததென்றால் கணீரென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கும், அல்லது சரியாக வேகாமல் இருக்கும். வேகாத தொட்டி மழையில் ஊறி, ஓரம் ஓரமாகச் செதில் விடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு தொட்டியின் சுவர் வழியே கசிந்து வெளியே வெள்ளையாகப் பூக்கும். அரைகுறையாக வெந்த தொட்டியை அந்த உப்பே அரித்துவிடும். மழைநீரைப் பிடித்து ஊற்றுகிற தொட்டிகளில் இந்த வெள்ளை ஏறுவதில்லை.

சுவர் வழியே ஈரம் ஆவியாவதால் வேர் சூடாகாது. கற்றாழை, அரளி, போகன்வில்லா எல்லாம் இதில் குஷியாக இருக்கும். ஆனால் மே மாத மொட்டை மாடியில் இதே தொட்டியில் தக்காளி வைத்தால் காலை ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் இருக்காது. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அடி ஓட்டைக்கு மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வையுங்கள், போதும். அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி வடிவதில்லை. ஜல்லிக்கு மேலே இருக்கிற மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே நிற்கும், வேருக்கு இருக்கிற ஆழமும் குறைந்துவிடும்.

கோவையிலிருந்து:

நான் கட்டடப் பொறியாளர். டிரம் என்றதும் எனக்கு எடைதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். ஆட்கள் புழங்குகிற சமதளக் கூரை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமையைத் தாங்கினால் போதும் என்றுதான் நம் நாட்டுத் தர விதி கணக்கு வைக்கிறது. ஈரமான தோட்ட மண்ணை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் அதே சதுர மீட்டரில் 500 கிலோ வரும். பாதி டிரம் நிறைய ஈர மண் என்றால் அது ஒன்றே 170 கிலோ.

அதற்காக டிரம்மே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். கீழே சுவரோ பீமோ ஓடுகிற வரிசையில், ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். ஹாலுக்கு நேர் மேலே நடு மாடியில் கூட்டமாக வைக்கவே கூடாது. வெறும் மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கூடுதலாகக் கலந்தால் எடை கணிசமாகக் குறையும். வீடு பழையது, கம்பி துருவேறி கான்கிரீட் பெயர்ந்திருக்கிறது என்றால், பெரிய தொட்டி வாங்குமுன் ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள்.

இன்னொன்று. எந்தத் தொட்டியையும் தரையோடு தரையாக வைக்காதீர்கள். செங்கல்லோ ஸ்டாண்டோ வைத்துத் தூக்கிவிட்டால், வடிகிற தண்ணீர் ஓடிவிடும், தரை காயும், மாடித் தரையில் பதித்த தட்டு ஓடுகளின் இடுக்கில் வேர் புகாது. ஒழுகுகிற மாடிகளைப் பார்க்கப் போனால், பல வீடுகளில் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஒரு தொட்டி உட்கார்ந்திருக்கும்.

திருவான்மியூரிலிருந்து:

கோவை சார், அந்த ஸ்டாண்ட் பற்றிக் கடற்கரைப் பக்கத்து ஆளாக நான் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே உப்புக் காற்றில் இரும்பு ஸ்டாண்ட் பெயின்ட் அடித்தும் நிற்பதில்லை. வெல்டிங் போட்ட இடத்தில் துரு ஆரம்பித்து, ஒருநாள் கால் மடங்கிவிடும். நாங்கள் செங்கல்லுக்கே மாறிவிட்டோம்.

காற்றும் எங்களுக்குப் பெரிய விஷயம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் மாடியில் உருண்டதெல்லாம் லேசான தொட்டியில் நின்ற உயரமான செடிகள். அகலமான சிமெண்ட் தொட்டிகள் நகரவே இல்லை. அதனால் கைப்பிடிச் சுவர் ஓரம் எங்களுக்கு சிமெண்ட்தான். புது சிமெண்ட் தொட்டியில் உடனே செடி வைக்காதீர்கள், அதன் காரத்தன்மையில் இலை மஞ்சளாகும். சில நாள் தண்ணீர் நிரப்பி வைத்து, தினமும் மாற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் மண் போடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேலே மட்டும் எந்தத் தொட்டியையும் வைக்க வேண்டாம். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

சேலத்திலிருந்து:

எல்லோரும் மாடியைப் பற்றியே எழுதிவிட்டீர்கள், மாடியே இல்லாத எங்களுக்கு? இரண்டாம் மாடி வாடகை வீடு, ஹாலில் ஒரு ஜன்னல். ஸ்நேக் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் பீங்கான் தொட்டிதான் அழகு, வெயில் படாததால் வருடக்கணக்கில் நிறமும் மாறாது. சிக்கல் என்னவென்றால் பல பீங்கான் தொட்டிகளில் அடியில் ஓட்டையே இருக்காது. அதில் நேரடியாக மண் போட்டு நட்டால் வேர் அழுகுவது நிச்சயம். நான் செடியை ஓட்டை உள்ள சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பீங்கானுக்குள் இறக்கிவிடுவேன். தண்ணீர் ஊற்றும்போது உள் தொட்டியை மட்டும் பாத்ரூமுக்கு எடுத்துப் போய், நன்றாக வடியவிட்டுத் திரும்ப வைப்பேன்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு அந்தத் தண்ணீர் விளிம்பில்தான் முட்டை ஒட்டுகிறது. காய்ந்த தட்டிலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் வெறுமனே கவிழ்த்தால் போதாது. எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு டெங்கு வந்து எல்லோரும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

மதுரை அக்கா, பீங்கானில் நாமே ஓட்டை போட முடியுமா? உடைந்துவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார்.

மதுரையிலிருந்து:

போடலாம் தங்கச்சி, நான் போட்டிருக்கிறேன். கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் பயன்படுத்துகிற டைமண்ட் பிட் ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்குங்கள். தொட்டியைத் துணி மேல் கவிழ்த்து, ஓட்டை போடும் இடத்தில் காகித டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டிரில்லில் சுத்தியல் மாதிரி இடிக்கிற அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ஓட்ட வேண்டும். சூடேறாமல் இருக்கப் பக்கத்தில் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடட்டும், மின்சாரம் என்பதால் பேட்டரி டிரில் என்றால் நல்லது. கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள், தூள் பறக்கும்.